நீலம் இறங்காத விரிசல்

"கல்ல அறுத்து அறுத்துப் பாக்கறவ, ஒரு செவுத்தப் பாத்து சொல்ல மாட்டியா?" என்று அக்கா போனில் கேட்டாள். நான் சிரித்தேன். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்தவள், அப்படிச் சிரித்திருக்கக் கூடாது.

உண்மையில் நான் கல்லை அறுப்பதும் இல்லை. யாரோ எங்கோ அறுத்து அனுப்புகிற விண்கல் வில்லைகளை வாங்கிப் பார்ப்பவள், அவ்வளவுதான். ஆனால் அக்காவிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லி ஜெயிக்க முடியாது. அவளுக்கு நான் கல் பைத்தியம். அதற்கு மேல் விவரம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

இங்கே இருக்கும் பெரிய தொழிற்சாலையின் உலோகச் சோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். மண் வாரும் ராட்சத வண்டிகளின் பாகம் ஏதாவது உடைந்தால், உடைந்த துண்டு எங்கள் மேஜைக்கு வரும். அதில் ஒரு விள்ளலை அறுத்து, தேய்த்து, பளபளப்பாக்கி, அமிலத்தில் ஒரு முக்கு முக்கி, நுண்ணோக்கியில் வைத்து, ஏன் உடைந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உடைந்த பிறகு காரணம் சொல்வதில் எனக்கு நல்ல பெயர். உடைவதற்கு முன்னால் யாரும் என்னைக் கேட்டதில்லை. முதன்முதலில் கேட்டது அக்காதான்.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த வருஷம் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அப்போது கூட வேலை பார்த்த ஒருத்தி, வெளிநாட்டில் மகளோடு இருப்பவள், ஒரு கவரில் விண்கல் வில்லை ஒன்றை அனுப்பிவைத்தாள். மேரி பிஸ்கட் கனம், தபால் தலை அகலம். சாம்பல் நிறத்தில் ரோட்டு ஜல்லி போல இருந்தது. நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் அவளை என்றுதான் நினைத்தேன். பிறகு அதை நைஸ் எமரி பேப்பரில் தேய்த்து, லென்ஸின் அடியில் வைத்தேன். குருணை குருணையாக உருண்டைகள். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் கோடுகள், விசிறிகள். நடுநடுவே இரும்புப் பொட்டுகள் மின்னின. அந்த உருண்டைகள் உருகி உறைந்தபோது இந்தப் பூமியே உருவாகியிருக்கவில்லை என்று படித்தேன். அன்றைக்குச் சோறு வடிக்க மறந்துவிட்டேன்.

அதிலிருந்து ஒன்றுக்கு ஒன்று மாற்றி, கேட்டு, கெஞ்சி, முப்பது வில்லைகளுக்கு மேல் சேர்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு சின்ன மாத்திரை டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் பொட்டலத்தோடு. தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் இரும்பு துருவேறிவிடும், அதனால் தேய்ப்பதற்கு ஸ்பிரிட்தான். டப்பாவின் மேல் பொடி எழுத்தில் எண், தேதி, நான் பார்த்த விஷயம். அக்கா அதற்கு நகைப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தாள். "கல்யாணம் கட்டிக்காதவளுக்கு கல்லு நகை" என்பாள். எனக்குக் கோபம் வராது. அவள் சொன்னால் வராது.

வில்லைகளில் நான் முக்கியமாகப் பார்ப்பது விரிசல்களை. கை பழகிய வேலை அதுதானே. சில கற்களில் கறுப்பு நூல் மாதிரி ஒரு கோடு ஓடும். வானத்தில் இரண்டு கற்கள் மோதிக்கொண்ட நொடியில் கல்லே உருகி, உடனே உறைந்த தடம் அது. அடி வாங்கியதற்கு அத்தாட்சி. அது தவிர வெறும் விரிசல்களும் இருக்கும். அவற்றில் எது பழசு, எது அறுக்கும்போது வந்த புதுசு என்று கண்டுபிடிக்க வேண்டும். விரிசலின் நீளத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அதற்குள்ளே என்ன இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழசு என்றால் துரு இறங்கியிருக்கும், மண் இறங்கியிருக்கும், ஓரம் மழுங்கியிருக்கும். புதுசு என்றால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஓரம் பிளேடு மாதிரி இருக்கும்.

இவ்வளவு தெரிந்தவளைத்தான் அக்கா கூப்பிட்டாள்.

அவள் வீடு தங்கவயலில் ஸ்கெலட்டன் என்கிற பகுதியில். அப்பாவுக்குச் சுரங்கக் கம்பெனி கொடுத்த, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது, மேலே ஷீட்டு. அப்பா சுரங்கத்தில் டிம்பர்மேன், அதாவது பாறை இறங்காமல் இருக்க உள்ளே மரக்கட்டை முட்டுக் கொடுப்பவர். அவர் போய், அம்மா போய், அக்காவின் வீட்டுக்காரரும் போய், அந்த வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஒன்பதாவது மாடியில் பிளாட் வாங்கிக்கொண்டு, இரண்டு வருஷமாக அம்மாவை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் போகவில்லை. நான் அதே ஊரின் இன்னொரு பக்கம், கோரமண்டலில், தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து அக்கா வீட்டுக்குப் போய், அவள் ஆக்கிய கறிக்குழம்பைச் சாப்பிட்டு, அங்கேயே ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலம் திரும்புவேன். வாரத்தில் ஒருத்தரோடு உட்கார்ந்து நான் சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான்.

விரிசல் சமையலறைச் சுவரில் இருந்தது. ஜன்னலின் கீழ் மூலையில் கிளம்பி, சாய்வாக இறங்கி, அடுப்பு மேடைக்குப் பின்னால் மறைந்தது. அக்கா கையில் கரண்டியோடு நின்றாள்.

"நேத்து தான் பாத்தேன். பழசா புதுசா, சொல்லு."

"அவனுக்குச் சொன்னியா?"

"போட்டோ எடுத்து அனுப்பிட்டேன், புத்தி கெட்டுப் போயி. இப்போ இன்ஜினியர இட்டாரேன்றான். புதுசுன்னு சொன்னா அன்னிக்கே பெட்டி கட்டணுமாம். அதான் ஒன்ன கூப்டேன்."

பையிலிருந்து லென்ஸை எடுத்துச் சுவரோடு முகத்தை வைத்தேன். எங்கள் ஊரில் கிறிஸ்மஸுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடிக்காமல் இருக்க மாட்டார்கள். சோறு இல்லாவிட்டாலும் சுவருக்கு நிறம் வேண்டும். விரிசலின் ஓரத்தில் அத்தனை கிறிஸ்மஸும் அடுக்கடுக்காகத் தெரிந்தது. அடியில் வெள்ளை, மேலே மஞ்சள், பச்சை, மறுபடி வெள்ளை, எல்லாவற்றுக்கும் மேலே போன டிசம்பரில் அடித்த நீலம். அந்த நீலத்தை நானும் அவளும் சேர்ந்துதான் அடித்தோம். விரிசல் அதற்கு முன்பே இருந்திருந்தால் நீலம் அதற்குள் இறங்கியிருக்கும். இறங்கவில்லை. நீலம் பளிச்சென்று பிளந்திருந்தது. ஓரம் பிளேடு மாதிரி இருந்தது.

கிறிஸ்மஸ் முடிந்து எட்டு வாரம்தான். அதற்குள் இந்தச் சுவர் ஜன்னலிலிருந்து அடுப்பு மேடை வரை பிளந்திருக்கிறது.

லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டேன். அப்போது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுச் சமையலறையில் நான் மட்டும் தட்டோடு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"பழசு" என்றேன். "பூச்சுதான் விட்டிருக்கு. உள்ள ஒன்னும் இல்ல."

அக்கா மூச்சு விட்டாள். அன்றைக்குக் குழம்பில் எனக்கு ஈரல் துண்டு ஒன்று அதிகமாக விழுந்தது.

என் மனசாட்சிக்கு ஒரு சமாதானம் வேண்டுமே. லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சுவரில் கோடு விழுந்தால் அதன் குறுக்கே ஒரு காகிதத் துண்டைக் கோதுமைப் பசையால் ஒட்டிவைப்பார்கள். மண் நகர்ந்தால் காகிதம் கிழியும். அப்பா ஒட்டுவார். எதிர் வீட்டில் ஒட்டுவார்கள். பிள்ளைகள் அதைக் கையால் தொட்டால் அடி விழும். நானும் ஒரு துண்டு வெட்டி, விரிசலின் நடுவில் ஒட்டி, என் டப்பாக்களின் மேல் எழுதுகிற அதே பொடி எழுத்தில் தேதி போட்டேன். மகன் போன் செய்தபோது, "சின்னம்மா பாத்துட்டா, ஒன்னியும் இல்லியாம்" என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். அவன் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான்.

"சின்னம்மா, ஷ்யூரா சொல்றீங்களா? அடியில பூரா பழைய மைனு. எனக்கு பயமா இருக்கு."

"நான் இருபத்தாறு வருஷம் இதத்தான் பார்த்தேன் தம்பி" என்றேன். அது பொய்யில்லை. அதனால்தான் அவன் நம்பினான்.

அதன் பிறகு வந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். மார்ச்சில் சமையலறைக் கதவு மூடவில்லை. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்றேன், அப்போது மழையே இல்லை. ஆணியில் மாட்டிய கரண்டிகள் சில நேரம் தாமாக ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. பாத்ரூமில் ஊற்றிய தண்ணீர் வழக்கமான ஓட்டைக்குப் போகாமல் எதிர் மூலையில் தேங்கியது. அக்கா ஒவ்வொன்றையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னேன். காரணம் சொல்வதில்தான் எனக்கு நல்ல பெயர் என்று சொன்னேனே.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. சுரங்கத்துக்குள் இறங்கும் குழிகளான, மூடிப்போன ஷாஃப்டுகளில் தண்ணீர் மேலே வந்துவிட்டது என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு வெட்டிப்போட்ட வெற்றிடம் முழுக்கத் தண்ணீர், அதன் மேல் நாம், என்று ஒருவர் கணக்குச் சொல்ல, மற்றவர்கள் வேறு பேச்சுக்கு மாறினார்கள். காகிதம் மட்டும் கிழியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டுக்கு முன்னால் அதைப் போய்ப் பார்ப்பேன். என் எழுத்து, என் தேதி, முழுசாக இருந்தது. நான் சொன்ன பொய் மெல்ல மெல்ல உண்மையாகிக்கொண்டிருக்கிறது என்று நம்ப ஆரம்பித்தேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். புதிதாக வந்த ஒரு வில்லையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு நூல் கோடு ஒன்று குறுக்கே ஓடும் அழகான துண்டு. திடீரென்று ஒரு வெடிச் சத்தம். அடுத்த நொடி இன்னொன்று. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேஜையில் இருந்த டப்பாக்கள் நகர்ந்தன.

தெருவில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். "ஏர் பிளாஸ்ட்" என்றாள் பக்கத்து வீட்டு அம்மா. பூமிக்குள் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அந்தக் காலத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் லைனில் இருக்கும் பொம்பளைகள் அத்தனை பேரும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள், யாருடைய ஆள் உள்ளே இருக்கிறான் என்று தெரியாமல். இப்போது உள்ளே யாரும் இல்லை. சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம். ஆனாலும் எதிர் வீட்டுப் பெரியவர் லுங்கியை இறுக்கிக்கொண்டே கேட்டார்.

"எந்த ஷாஃப்டுங்க?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஷாஃப்டின் மேல் துருப்பிடித்த இரும்புக் கோபுரம் நிற்கும் திசையைப் பார்த்தார்கள். தங்கவயல்காரன் எவனும் சத்தம் கேட்டால் கீழேதான் பார்ப்பான்.

நான் மட்டும் மேலே பார்த்தேன்.

வருஷக் கணக்காகப் படித்திருந்தேன். விண்கல் விழும்போது பீரங்கி மாதிரி இரண்டு மூன்று வெடிச் சத்தம் கேட்கும், ஜன்னல்கள் ஆடும். என் வாழ்நாளில் ஒன்றாவது என் தலைக்கு மேல் வர வேண்டும் என்று ஜெபத்தில்கூடக் கேட்டிருக்கிறேன், கிண்டல் செய்யாதீர்கள். ஏர் பிளாஸ்ட் என்றால் முதலில் தரை உதறும், பிறகுதான் சத்தம். இது சத்தம் முதலில், கண்ணாடி பிறகு. அப்படித்தான் நடந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தரை உதறியதா என்று யோசித்துப் பார்க்கவே இல்லை.

"இது ஏர் பிளாஸ்ட் இல்ல. வானத்துலருந்து வந்தது" என்றேன். "கல்லு விழுந்திருக்கும்."

"இன்னாமோ நீங்க சொல்றீங்க" என்று அந்தப் பெரியவர் காலடியில் இருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

பத்து நிமிஷத்தில் அக்கா போன் செய்தாள். "சத்தம் கேட்டியா? இங்க பாத்திரம்லாம் உருண்டுட்ச்சி. நீ ஒட்டின பேப்பர் கிழிஞ்சி கீது."

"முழுசாவா?"

"ரெண்டா."

அந்த ஒரு வார்த்தை போதும். சோதனைக் கூடத்தில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், கிளம்பு, வெளியே போ என்று கத்தியிருப்பேன். ஆனால் என் கை ஏற்கனவே, விழுந்த கல்லைத் தேட, ஊன்றுகோலின் நுனியில் காந்தத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

"அது மேலருந்து வந்த அதிர்வுதான்க்கா. காத்து தள்ளினதுல கிழிஞ்சிருக்கும். வேற பேப்பர் ஒட்டு. தேதி போடு" என்றேன்.

"ஒன்ன மாரி பொடியா எழுத எனக்கு வராதே" என்றாள்.

சனி மத்தியானமும் ஞாயிறும் தேடினேன். கோயிலுக்குப் போகவில்லை, அக்கா வீட்டுக்கும் போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்து நான் தவறவிட்ட முதல் ஞாயிறு அது. சயனைடு மேடுகளின் மேல் ஏறி இறங்கினேன். தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மாவு மண் அது, செருப்புக்குள் புகுந்து காலை அறுக்கும். அதன் மேல் புதிதாக ஒரு கறுப்புக் கல் கிடந்தால் ஒரு மைலுக்குத் தெரியும். ஒன்றும் தெரியவில்லை. ஆடு மேய்க்கிறவரிடம் வானத்தில் புகை பார்த்தீர்களா என்று கேட்டேன். "ஆடுங்க எல்லாம் ஒரேடியா உக்காந்துட்ச்சிம்மா" என்றார், அதைத் தவிர வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. ஆடு உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து ஊர் பங்காருபேட்டையில் இருக்கும் தெரிந்தவருக்குப் போன் செய்தேன். அங்கே சத்தமே கேட்கவில்லை என்றார். வானத்தில் வெடித்தது பங்காருபேட்டைக்குக் கேட்காமல் எப்படிப் போகும் என்று ஒரு கேள்வி வந்தது. அதைத் தள்ளிவிட்டு இன்னொரு மேட்டில் ஏறினேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அக்கா மறுபடியும் கூப்பிட்டாள். நான் மேட்டின் உச்சியில் நின்றிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஸ்கெலட்டன் பக்கத்து வீட்டுக் கூரைகள் எல்லாம் தெரியும்.

"நான் ஒட்டின பேப்பரும் கிழிஞ்சிட்ச்சி. ஞாயித்துக்கெழம ஒன்னு, இன்னிக்கி ஒன்னு. நீ எப்போ வர்ற?"

"சாயங்காலம் வர்றேன்."

"கோடு பெருசான மாரி கீது."

"எவ்வளவு பெருசு? சும்மா பெருசு பெருசுன்னு சொன்னா எப்படி? ஒரு தீக்குச்சி எடுத்து உள்ள விட்டுப் பாரு. போனைக் கட் பண்ணாத." எனக்கு எரிச்சல். வெயில் வேறு. அளவு இல்லாமல் பேசினால் எனக்குப் பிடிக்காது, அது வேலைப் பழக்கம்.

தீப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம். அவள் சமையலறைக்குள் போனாள். நான் சொல்லித்தான் போனாள்.

"போவுதுடி. நல்லா போவுது. இரு... ரெண்டு குச்சி சேத்து போவுது."

பிறகு அவள் வேறு ஒரு குரலில், "இன்னா இது" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பெரிய சத்தம்கூட இல்லை. மேட்டின் உச்சியில் நின்று பார்த்தேன். கூரைகளுக்கு நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நிதானமாகப் புழுதி எழுந்தது.

நான் போய்ச் சேரும்போது லைன் ஆட்கள் அவளை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். சமையலறைத் தரை ஒரு பக்கம் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. சுவர் வெளியே விழாமல் உள்ளே விழுந்திருந்தது. அக்காவின் முகம் முழுக்க நீலப் பொடி. வலது தோளில் செங்கல் விழுந்து, கை வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "ரெண்டு குச்சி." ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸிலும் அதையே சொன்னாள். நான் கேட்ட அளவை மறக்காமல் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள்போல.

அந்தச் சனிக்கிழமை வானத்தில் எதுவும் வரவில்லை. பெங்களூரிலோ சித்தூர்ப் பக்கமோ ஒருத்தர்கூட எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை. பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டேன். காலுக்கடியில் வெடித்ததை நான் மேட்டு மேலே தேடியிருக்கிறேன். டிம்பர்மேன் மகள்.

மகன் அவளை பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டான். இரண்டு ஆபரேஷன். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வலது கையை மார்புக்கு மேலே தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளால் இனிமேல் தன் கொண்டையைத் தானே போட முடியாது. அந்தக் கொண்டையை நானோ எங்கள் அம்மாவோ போட்டுவிட அவள் ஒரு நாளும் விட்டதில்லை. மகன் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், "நீங்க ஷ்யூரா சொன்னீங்க சின்னம்மா" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு, எங்கள் ஊர் மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் ரயிலில் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன். போன ஞாயிறும் போனேன். மகன் அடுத்த அறையில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அக்கா ஜன்னல் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்று அவள் தலையை வாரினேன். முடி பாதியாகிவிட்டது. நான் இத்தனை மாதமாகச் சொல்ல நினைத்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அது புதுசு. அன்னிக்கே எனக்குத் தெரியும். நீலம் உள்ள எறங்கல. தெரிஞ்சேதான் பழசுன்னு சொன்னேன்."

சீப்பு நின்றுவிட்டது. அவள் திரும்பவில்லை.

"தெரியும்" என்றாள். "இன்ஜினியர இட்டாரேன்னு அவன் சொல்றப்போ, நான் இன்னாத்துக்கு ஒன்ன கூப்டேன்னு நெனக்கற? நீ பழசுன்னு தான் சொல்லுவ. எனக்குத் தெரியாதா ஒன்ன? அத யாராச்சும் சொல்லணும். அவ்ளோதான்."

எனக்கு அழுகை வந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தச் சுவரின் கீழே நின்றிருக்கிறோம். மன்னிப்புக் கிடைத்ததா, குற்றம் இரண்டாகப் பங்கிடப்பட்டதா, எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் அடி வாங்கியது அவள் தோள்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் இடது கையால் ஜன்னலுக்குக் கீழே காட்டினாள். மயிரிழை மாதிரி ஒரு கோடு, மூலையிலிருந்து சாய்வாக இறங்கியது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இதப் பாரு. பழசா, புதுசா?"

"ஏன்க்கா?"

"புதுசுன்னா இங்க இருக்க வேணாம் இல்ல. அவன் பயந்துக்குவான். நான் ஒன் வீட்டுக்கு வந்துடறேன். ஒரு கட்டில் போட எடம் இல்லியா ஒனக்கு? ஞாயித்துக்கெழம நீ கறி வாங்கினு வா, எப்டி ஆக்கறதுன்னு நான் சொல்றேன்." அவள் கண்கள் மின்னின. சுவர் விழுந்த பிறகு அவள் முகத்தில் அந்த ஆசையை நான் பார்த்ததே இல்லை.

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நான் யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாளாக என் வீட்டுப் பின்கதவு மூடவில்லை. பாத்ரூமில் ஒரு காகிதத் துண்டு ஒட்டி, பொடி எழுத்தில் தேதி போட்டிருக்கிறேன். ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் கிழிந்திருக்கிறது.

பையிலிருந்து லென்ஸை எடுத்து முழங்காலிட்டு உட்கார்ந்தேன். இந்த முறை உண்மையாகப் பார்த்தேன். விரிசலுக்குள் வெள்ளைப் பெயின்ட் இறங்கி உறைந்திருந்தது. அதன் மேல் தூசி, அதன் மேல் ஒரு சிலந்தி நூல். ஓரம் மழுங்கியிருந்தது. கட்டி முடித்த வருஷமே பூச்சு காய்ந்ததில் விழுந்த கோடு. இந்தச் சுவர் அவளையும் என்னையும் தாண்டி நிற்கும்.

எழுந்து சீப்பை எடுத்துக்கொண்டேன். என் வீட்டில் ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது. எந்தச் சுவர் ஓரம் போடுவது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியாது.

"பழசுக்கா" என்றேன்.

"சரியா பாத்தியா?"

"பாத்தேன். உள்ள பெயின்ட் எறங்கி இருக்கு. பழசு."

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அடுத்த அறையில் மகன் எதற்கோ சிரித்தான்.

"அன்னிக்கும் இதத்தான் சொன்ன" என்றாள்.

நான் கொண்டை ஊசியை எடுத்து, அவள் முடியைச் சுருட்டிக் குத்தினேன்.